டி டிரைவில் லைலா

மக்காவுக்கு உம்றா யாத்திரை போய்வந்த மனுசன் சும்மா இருந்திருக்கலாம். ஜெமீல் இருக்கவில்லை. கிண்ணியாவுக்கு வந்த மறுநாளே லப்டொப்பைத் திறந்து, 'பாட்டு' என்ற போல்டரை அப்படியே அழித்தார். இனி வீட்டில் சினிமாப் பாட்டே கூடாதென்று ஒரே பிடி. மகள் லைலா பாட்டுக்கு ஆடிய வீடியோக்களும் அதற்குள்தான் இருந்தன; அதை அவர் நினைத்துப் பார்க்கவில்லை. மூன்று வயதில் டெங்குவில் போன பிள்ளை. அவள் ஆடிச் சிரிப்பதைப் பார்க்க வேறு இடமே இல்லை. மனைவி றஹ்மா நாலு நாளாக அவரோடு கதைக்கவில்லை.

திருகோணமலை டவுனில் கம்பியூட்டர் திருத்தும் அஞ்சலினா, அவர்கள் இருவரும் கொண்டுவந்த லப்டொப்பின் டிஸ்கைக் கழற்றித் தன் கம்பியூட்டரில் கொழுவினாள். 'பாட்டு' போல்டர் இருந்த டி டிரைவ் வெறிச்சென்று கிடந்தது.

"முதல்ல இது முழுக்க ஒரு கொப்பி எடுப்பம், நானா" என்றாள், ஜெமீலை அண்ணன் முறை வைத்து.

"வெறும் இடத்துக்கு என்னத்துக்குத் தங்கச்சி கொப்பி? புள்ளயத் தேடுங்க!"

"நேரா இதில தேடிப் பிழை விட்டால் திருப்பி எடுக்க ஏலாது. கொப்பியிலதான் தேடுவன். அதையும் சுருக்கித்தான் எழுதுறன். உண்மையிலயே ஒண்டுமில்லாத இடமெண்டால் சுருங்கித் துளியாப் போயிரும். கொப்பிட அளவு ஏறுற இந்த எண்ணப் பாருங்க."

ஜெமீல் பார்த்தார். இரண்டு ஜிபி, ஐந்து, ஒன்பது. ஏறிக்கொண்டே போனது. வெறும் இடமாம்! அதற்குள்ளா இவ்வளவும் கிடக்கிறது?

"சுப்ஹானல்லாஹ்! நான் அழிச்சது எங்கயும் போகல்லையா?"

"பேர்தான் போகும், நானா. மேல வேற எழுதாட்டி சாமான் அங்கயேதான் கிடக்கும். ஆனா இது வெறும் பாட்டாயும் இருக்கலாம்."

றஹ்மா கதிரையைக் கிட்ட இழுத்தாள்.

பன்னிரண்டில் எண் நின்றது. டிஸ்கைக் கழற்றி ஜெமீலிடம் கொடுத்துவிட்டு, அஞ்சலினா கொப்பியில் தேடினாள். பிறந்த பிள்ளையைப் பிடிப்பதுபோல் அவர் டிஸ்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். பெயரில்லாத பைல்கள் வரத் தொடங்கின. ஒரு பாட்டு. இன்னொரு பாட்டு. பிறகும் பாட்டு.

பதினேழாவதைத் திறந்ததும் மஞ்சள் சட்டை. லைலா! இடுப்பில் கை வைத்து, காலை மாற்றி மாற்றி ஆடினாள். கூடவே அந்தச் சினிமாப் பாட்டும் கடை முழுக்கக் கேட்டது. உம்றா முடித்தவர் ஆயிற்றே என்று அஞ்சலினா சத்தத்தைக் குறைக்கப் போனாள்.

"குறைக்காதீங்க தங்கச்சி" என்றார் ஜெமீல். "பாட்டு இல்லாட்டி புள்ள எப்பிடி ஆடுவா?"

றஹ்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"இன்னொருக்காப் போடச் சொல்லுங்க."