காக்கா வருகிற பக்கம்

ஏழாவது தடவையும் காக்கா வந்து அணிலை அடித்துத் தண்ணீரில் தள்ளியது. ஜாஸ்பர் ஜாய்ஸ்டிக்கைப் பாயில் வைத்துவிட்டு, இந்த வெர்ஷனைச் செய்தவன் ஏமாற்றுக்காரன், காக்கா எங்கிருந்து வருகிறது என்றே காட்டாமல் ஆளைக் கொல்கிறான் என்றான். ஏரலில் வன்னியராஜின் செல்போன் ரிப்பேர் கடைக்கு மேலே இருந்த அறை அது. சனிக்கிழமை மத்தியானம், கூரைத் தகரம் காய்ந்து உள்ளே அனலடித்தது. சத்தம் வீடியோவில் விழும் என்று ஃபேனை நிறுத்தியிருந்தார்கள். வன்னியராஜ் சிரித்தான், ஆனால் ரெக்கார்டிங்கை நிறுத்தவில்லை. ஜாஸ்பர் கோபப்படுவதைப் பார்க்கத்தான் அவர்களுடைய யூடியூப் சேனலுக்குப் பாதிப் பேர் வருகிறார்கள் என்பது அவன் எண்ணம்.

இரண்டு பேருக்கும் நாற்பத்திரண்டு வயது. பாளையங்கோட்டை ஹாஸ்டலில் ஒரே அறையில் படித்தவர்கள். அப்போது முருகன்குறிச்சிப் பக்கம் ஒரு கடையில் டிவி கேம் மணிக் கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும். கேசட் மேல் ஜப்பான் எழுத்தில் என்ன எழுதியிருந்தது என்று யாருக்கும் வாசிக்கத் தெரியாததால் அந்த ஆட்டத்துக்கு அணில் என்றே பெயர். ஒரு அணில், கிளைக்குக் கிளை தாவி, அணைக்கட்டு ஒன்றைத் தாண்டி, குட்டிகளை மீட்கும். அவ்வளவுதான் கதை. அதே ஆட்டம் பிறகு வேறு வேறு மெஷின்களில் வந்தது. அவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து, எதில் தாவல் சரியாக இருக்கிறது, எதில் இசை நன்றாக இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பேசுவதுதான் அவர்கள் சேனலின் வேலை. நாலாயிரத்துச் சொச்சம் பேர் பார்த்தார்கள். ஜாஸ்பருக்கு அது வாரத்தில் ஒரு நாள் மட்டும் கிடைக்கிற வேறொரு வாழ்க்கை. திங்கள் முதல் வெள்ளிவரை அவன் ஒரு பள்ளிக்கூடத்தின் மஞ்சள் பஸ்ஸை ஓட்டினான். பத்தொன்பது வருடமாக அவனுக்குத் தெரிந்த ஒரே தொழில் வண்டி ஓட்டுவது. மலைமேல் மாஞ்சோலைத் தேயிலை எஸ்டேட்டை மூடியபோது இறக்கிவிடப்பட்ட அப்பா சுவிசேஷமுத்துவும் அம்மாவும் இப்போது அவன் வீட்டில்தான் இருந்தார்கள்.

அன்றைக்கு மூன்று வெர்ஷன்களை எடுத்திருந்தார்கள். பழைய எட்டு பிட் மெஷினில் வானம் வெறும் கறுப்பு. அணிலுக்கு மூன்று நிறம். இசை, டப்பாவுக்குள் அடைத்த வண்டு மாதிரி. பிறகு வந்த பதினாறு பிட் மெஷினில் மூடுபனி மூன்று அடுக்காக நகரும், இலை உதிரும், அணைக்கட்டுத் தண்ணீர் மின்னும். உலகமே அதைத்தான் சிறந்தது என்று கொண்டாடுகிறது. காக்கா ஏழு தடவை தள்ளியதும் அதில்தான். மூன்றாவது, கையில் வைத்து ஆடுகிற சின்ன மெஷினுக்கானது. திரை சின்னதென்று படத்தின் ஓரங்களை வெட்டியிருப்பார்கள். எதிரி பக்கத்தில் வந்த பிறகுதான் தெரிவான் என்று எல்லாரும் திட்டுகிற வெர்ஷன். ஜாஸ்பர் அதில் மட்டும் ஒரு உயிர்கூடப் போகாமல் அணையைத் தாண்டினான். இதுதான் நேர்மையான வெர்ஷன், மற்ற இரண்டும் பித்தலாட்டம் என்று கேமராவைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிட்டு, கடைசி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினான்.

புதன்கிழமை வீடியோ வெளிவந்தது. கீழே கமெண்டுகளில் எல்லாரும் சிரித்திருந்தார்கள். ஒருவர் மட்டும் சிரிக்காமல் எழுதியிருந்தார்: காக்கா மூன்று விநாடிக்கு முன்பே இடது பக்கம் கீழே தெரிகிறது, அண்ணன் அதைப் பார்க்கவே இல்லை, கண்ணைக் காட்டுவது நல்லது. வன்னியராஜ் அந்த வரியை அழித்தான். அழித்துவிட்டு, வீடியோவைத் தானே நிறுத்தி நிறுத்தி நாலு தடவை பார்த்தான்.

அடுத்த சனிக்கிழமை ஜாஸ்பர் வந்ததும் வன்னியராஜ் கேமராவை எடுக்கவில்லை. டிவி முன்னால் உட்காரச் சொன்னான். படத்தை ஒரு இடத்தில் நிறுத்தியிருந்தான்.

"அணிலை மட்டும் பாரு. கண்ணை எடுக்காத. வேற என்னல்லாம் தெரியுது, சொல்லு."

ஜாஸ்பர் சொன்னான். அணில், கிளை, வலப்பக்கம் மதகு, மேலே மேகம், கீழே தண்ணீர்.

"காக்கா?"

"காக்கா இன்னும் வரலல்லா."

வன்னியராஜ் எழுந்துபோய்த் திரையின் இடது கீழ் மூலையில் விரலை வைத்தான். ஜாஸ்பர் தலையைத் திருப்பினான். உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாக, சிறகு விரித்தபடி, காக்கா அங்கே இருந்தது. மறுபடியும் அணிலைப் பார்த்தான். காக்கா இல்லை. அந்த இடத்தில் இருட்டோ ஓட்டையோ எதுவும் இல்லை, அங்கேயும் தண்ணீர் விடாமல் தொடர்ந்தது. தெரியாதது தெரியாததாக இருந்திருந்தால் என்றைக்கோ கண்டுபிடித்திருப்பான்.

"லே ஜாஸ்பரு, நீ பஸ் ஓட்டுதவன்" என்றான் வன்னியராஜ்.

திங்கட்கிழமை பல்வலி என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டு ஜாஸ்பர் கண் டாக்டரிடம் போனான். டார்லினிடமும் பல்வலி என்றே சொன்னான். டார்லின் அவன் மனைவி, அதே பள்ளிக்கூடத்தில் எல்கேஜி டீச்சர். ஆஸ்பத்திரியில் ஒரு வெள்ளைக் கிண்ணம் போன்ற மெஷினுக்குள் முகத்தை வைக்கச் சொல்லி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார்கள். நடுவில் இருக்கிற மஞ்சள் புள்ளியையே பார்க்க வேண்டும், சுற்றிலும் எங்காவது சின்ன வெளிச்சம் தெரிந்தால் அமுக்க வேண்டும். பட்டனைக் கையில் வாங்கியதும் அவனுக்குக் கொஞ்சம் தைரியம்கூட வந்தது. பன்னிரண்டு வயதிலிருந்து பட்டன் அமுக்குகிற கட்டைவிரல். முதலில் வெளிச்சங்கள் வந்தன, அமுக்கினான். அப்புறம் வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. ஆனால் மெஷின் விடாமல் டிக் டிக்கென்று நகர்ந்துகொண்டிருந்தது, அவனுக்குத் தெரியாமல் எங்கோ வெளிச்சங்கள் வந்து போய்க்கொண்டிருக்கின்றன என்று புரிந்தது. அந்தச் சத்தத்தின் தாளத்தைப் பிடித்து, தெரியாமலே அமுக்க ஆரம்பித்தான். மெஷினை இயக்கிய பெண் நிறுத்திவிட்டு, கனிவாகத்தான் சொன்னாள்: "அண்ணாச்சி, லைட் வராதப்பவும் அமுக்குதீங்க. மெஷினுக்குத் தெரிஞ்சிரும். முதல்ல இருந்து பண்ணுவோம்."

கண்ணுக்குள் நீரழுத்தம் கூடி நரம்பு பட்டுப்போகிறது என்றார் டாக்டர். இடது கண்ணில் பாதிக்கு மேல் போய்விட்டது. வலது கண்ணில் மூக்குப் பக்கம் அரிக்கத் தொடங்கியிருக்கிறது. நடுப்பார்வை நன்றாக இருக்கிறது என்றார்; அதனால்தான் பள்ளிக்கூட டிரைவர்களுக்கான பரிசோதனையில் அவன் வருஷா வருஷம் எழுத்துப் பலகையைக் கடைசி வரிவரை வாசித்தான், யாருக்கும் சந்தேகம் வரவில்லை. சொட்டு மருந்தை விடாமல் போட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம், போனது வராது. வண்டி ஓட்டுவீர்களா என்று கேட்டார். பைக் மட்டும்தான் என்றான் ஜாஸ்பர். அதையும் விட்டுவிடுங்கள் என்றார். அவன் தலையாட்டினான்.

மறுநாள் காலை ஆறேகாலுக்கு வழக்கம்போலப் பஸ்ஸை எடுத்தான்.

சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைத்தான். சேரன்மகாதேவிக்குக் காலி பஸ்ஸை ஓட்டிப் போகும்போது நினைப்பான், அங்கே பிள்ளைகள் ஏற ஆரம்பித்ததும் இந்த ஒரு நாள் என்று தள்ளிப்போடுவான். சொன்னால் மறுநாள் காலையில் தான் யார் என்பது அவனுக்கு விளங்கவில்லை. வீட்டில் ஏற்கெனவே அப்பா, மலையிலிருந்து இறங்கியபின் செய்வதற்கு ஒன்றுமில்லாமல், வாசலில் நின்று போகிற வருகிற வண்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார். அவன் மருந்துப் பாட்டிலைப் பஸ்ஸின் முதலுதவிப் பெட்டியில் பஞ்சுக்கு அடியில் ஒளித்து வைத்தான். கோழி பார்ப்பதுபோலக் கழுத்தை வெட்டி வெட்டித் திருப்பி ஓட்டினான். பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற ஹமீது பீவியிடம், கண்ணாடி கொஞ்சம் ஆடுது, இடப்பக்கம் ஏதும் வந்தா குரல் குடுங்க என்று கேட்டுக்கொண்டான். அந்த அம்மாள் சந்தேகப்படவில்லை. அன்றிலிருந்து சைக்கிள், ஆடு, மோட்டார் பைக் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். கழுத்து வலியில் அவனால் இரவில் படுக்க முடியவில்லை.

மத்தியானங்களில் வீட்டுக்கு வந்து பதினாறு பிட் அணிலை ஆடினான். காக்காவைத் தாண்டிவிட்டால் கண் அவ்வளவு மோசமில்லை என்று ஆகிவிடும் என்பதுபோல ஒரு வெறி. முதல் வாரம் விழுந்துகொண்டே இருந்தான். பிறகு, கிளையில் கால் வைத்த உடனே கண்ணை இடது கீழ் மூலைக்கு எறிந்து திருப்பப் பழகினான். பத்தாவது நாள் தொடர்ந்து இருபது தடவை தாண்டினான். மாரடைத்தவனுக்கு மூச்சு வந்ததுபோல இருந்தது. சனிக்கிழமை காலையிலேயே ஏரலுக்குப் போய், வன்னியராஜை மேலே கூட்டிக்கொண்டு போய் உட்காரவைத்து ஆடிக் காட்டினான். ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை. காக்கா ஒன்றும் செய்ய முடியவில்லை.

"பாத்தியா. பழக்கந்தாம்லே. கண்ணு பழகிரும்."

வன்னியராஜ், ஒரு டீ சொல்லிட்டு வா என்று அவனைக் கீழே அனுப்பினான். திரும்பி வந்தபோது ஆட்டம் தயாராக இருந்தது. இன்னும் ஒரே ஒரு தடவை என்றான். அதே மூடுபனி, அதே இலைகள், அதே இசை. ஜாஸ்பர் கிளையில் கால் வைத்தான், கண்ணை இடது கீழ் மூலைக்கு எறிந்தான். அங்கே எதுவும் இல்லை. எதுவோ பக்கவாட்டிலிருந்து அணிலை அடித்தது. அணில் தண்ணீரில் விழுந்தது.

"என்னலே பண்ணுன?"

"இது முதல்ல வந்த கேசட்டு. பொறவுதான் காக்காவை மாத்தி வச்சிருக்கான். இதுல கீழ இருந்து வராது, நேரா இடப்பக்கமிருந்து வரும்" என்றான் வன்னியராஜ். "நீ காக்காவைப் பாக்கலடே. எங்கன வரும்னு மனப்பாடம் பண்ணி வச்சிருக்க. ரோட்டுல வாறதை எப்படிடே மனப்பாடம் பண்ணுவ?"

ஜாஸ்பர் அவனைக் கெட்ட வார்த்தையில் திட்டினான். முப்பது வருடத்தில் அப்படித் திட்டியதில்லை. கீழேயிருந்து டீயோடு ஏறி வந்தவர் மேல் இடித்துக்கொண்டு படியிறங்கிப் போனான். அவர் இடது பக்கம் வந்தார்.

அந்தத் திங்கட்கிழமை சேரன்மகாதேவி தாண்டி, கால்வாய்ப் பாலத்துப் பக்கத்து நிறுத்தத்தில் ரீபா ஏறினாள். டார்லினின் வகுப்புப் பிள்ளை, நாலு வயசு. அவள் அம்மா கைகாட்டிவிட்டு வயல் வரப்புக்குத் திரும்பினாள். ஹமீது பீவி போலாம் தம்பி என்று சொல்லிவிட்டு, கதவைச் சாத்தாமலே, பின் சீட்டில் அழுத இன்னொரு பிள்ளையிடம் போனாள். ரீபாவின் தண்ணீர்ப் பாட்டில் படியில் உருண்டு கீழே விழுந்தது. பிள்ளை பாட்டிலுக்குப் பின்னால் இறங்கிவிட்டது. கண் சரியாக இருப்பவன் நேராகப் பார்க்காமலே அந்த அசைவைக் கண்டிருப்பான். ஜாஸ்பர் கழுத்தைத் திருப்பி இடப்பக்கக் கண்ணாடியைப் பார்த்தான். தார் ரோடு, பாலத்துச் சுவர், நெல் வயல். எல்லாம் காலியாக, ஒழுங்காக இருந்தன. கிளட்சை விட்டான்.

ரீபாவின் அம்மா அலறியதும் ஹமீது பீவி பஸ்ஸின் தகரத்தில் அறைந்த சத்தமும் ஒன்றாகக் கேட்டன. பிரேக்கை மிதித்தான். இறங்கி முன்னால் சுற்றி ஓடினான். இடது சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி, பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ரீபா குந்தியிருந்தாள். அழக்கூட இல்லை. அம்மா வந்து அவளை வாரி எடுத்தாள்.

ஆட்கள் கூடினார்கள். பிள்ளையை இறங்கவிட்டுவிட்டு என்ன பார்த்துக்கொண்டிருந்தாய் என்று ரீபாவின் அம்மா ஹமீது பீவியைக் கேட்டாள். எல்லாரும் அதையே கேட்டார்கள். அந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, என் தப்புதான், நான்தான் பாக்காம சொல்லிட்டேன் என்று அழுதாள். ஒருவர் ஜாஸ்பரின் தோளைத் தட்டி, நல்ல நேரம், டிரைவர் அண்ணாச்சி சட்டுனு பிரேக்கைப் போட்டீங்க என்றார். போவோம் என்று யாரோ சொன்னார்கள். பஸ்ஸுக்குள்ளே இருபத்தெட்டுப் பிள்ளைகள் ஜன்னலில் ஒட்டிக்கொண்டு பார்த்தன. இப்போது அவன் ஏறி உட்கார்ந்தால் போதும். எல்லாம் அந்த அம்மாள் தலையில் இறங்கிவிடும், அவன் நாளைக்கும் பஸ் ஓட்டலாம்.

அவன் ஏறினான். சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தான். சாவியை எடுத்துக்கொண்டு இறங்கி, ஹமீது பீவியின் கையில் வைத்தான்.

"பீவியம்மா மேல தப்பில்ல. எனக்கு அந்தப் பக்கம் கண்ணு தெரியாது. கண்ணாடி ஆடலம்மா. பொய் சொன்னேன்."

அந்த அம்மாள் சாவியையும் அவன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவன் கொஞ்சம் தள்ளிப் போய்ப் பாலத்துச் சுவரில் உட்கார்ந்து டார்லினுக்குப் போன் பண்ணினான். எல்லாவற்றையும் சொன்னான், பல்வலியிலிருந்து. வேறு பஸ்ஸும் வேறு ஆளும் அனுப்பச் சொன்னான். மறுமுனையில் பிரேயருக்கு மணி அடித்தது கேட்டது.

"பிள்ளைக்கு ஒண்ணும் இல்லல்லா?"

"இல்ல."

"உங்களுக்கு எத்தன நாளா தெரியும்?"

"பதினாலு நாள்."

"என் கிளாஸ் பிள்ளைய ஒம்பது பேரு அதுல வருது" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

முக்கால் மணி நேரத்தில் வேறொரு பஸ் வந்தது. டார்லினும் அதில் வந்திருந்தாள். அவனிடம் வரவில்லை. ஹமீது பீவியும் அவளும் பிள்ளைகளைக் கைபிடித்து இறக்கி, எண்ணி, அந்தப் பஸ்ஸில் ஏற்றினார்கள். ரீபாவின் அம்மா பிள்ளையை அனுப்ப மாட்டேன் என்று இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். டார்லின் அவளிடம் ஏதோ சொல்லிவிட்டு, கடைசியாகத் தானும் ஏறினாள். கதவு சாத்திக்கொண்டது. ஜாஸ்பர் பாலத்துச் சுவரிலிருந்து எழுந்து ரோட்டோரம் வந்து நின்றான்.

பஸ் அவனைத் தாண்டிப் போனபோது, நடு ஜன்னலில் ஒரு பிள்ளை கையசைப்பது தெரிந்தது. மற்ற ஜன்னல்களில் என்ன நடக்கிறது என்று அவனால் பார்க்க முடியவில்லை. எல்லாரும் அசைத்திருக்கலாம். அவன் பஸ் முழுவதற்கும் சேர்த்து, கையை நன்றாக உயர்த்தி, ஆட்டினான்.