பூச்சி இல்லாத ஊசி

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு ஒரு வெறும் ஊசியிலிருந்து கிடைத்தது. பூச்சிகளைச் சேகரித்து வைக்கும் ஓர் அலுவலகத்துக்கு வேறு எதையோ தேடிப் போயிருந்தேன். இழுப்பறை ஒன்றைத் திறந்தார்கள். வரிசை வரிசையாகக் குத்தி வைத்த அந்துப்பூச்சிகள். நடுவில் ஓர் ஊசியில் மட்டும் பூச்சி இல்லை. அதன் அடியில் கட்டைவிரல் நகம் அகலத்துக்கு ஒரு சீட்டு:

சேலம் ஜில்லா, ஆட்டையாம்பட்டி. கொழுக்கட்டைப் புல். ஜனவரி 1938. கண்டவர் கந்தவேல். வளர்த்தவர் சாரதாமணி.

ஊசியின் நடுவே வெள்ளையாக என்னவோ காய்ந்து ஒட்டியிருந்தது. "தூக்கிப் போட வேண்டியதுதான், யாருக்கும் மனசு வரல," என்றார் பொறுப்பாளர். எனக்கும் வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். (அந்த அலுவலகம் எங்கே இருக்கிறது என்று கேட்காதீர்கள். கதைக்காரனிடம் விலாசம் கேட்கக் கூடாது.)

2

"விடியற்காலையில் நெசவாளர் தெருவில் நீண்டு கிடந்த பாவு நூலின் மேல் பனி முத்து முத்தாக..." அடித்துவிட்டேன். பனியைப் பற்றி எழுதினால் பூச்சி வர நாலு பக்கம் ஆகும்.

"கந்தவேல் ஒரு மேதை." அட, இது அதைவிட மோசம். அவன் குழித்தறியில் வேட்டி நெய்தவன். எட்டாவது வரை படித்தவன். நூல் வராமல் தறி சும்மா கிடந்த ஒரு வருஷம், பூச்சி ஆராய வந்த ஆபீசர் ஒருவருக்கு மூன்று மாதம் வலை தூக்கினான். அவ்வளவுதான் அவனுடைய விஞ்ஞானம். ஆபீசர் போய்விட்டார், பூச்சிப் பித்து மட்டும் அவனைவிட்டுப் போகவில்லை.

மார்கழியில் ஊருக்கு வெளியே ஆடு மேய்கிற காட்டோரம், கொழுக்கட்டைப் புல்லின் இலையில் வெள்ளைக் கோடு ஒன்றைப் பார்த்தான். வெயிலுக்கு நேரே பிடித்தான். இலையின் மேல்தோலுக்கும் கீழ்தோலுக்கும் நடுவில் ஒரு புழு, சுரங்கம் வெட்டுவது போலத் தின்றுகொண்டே போயிற்று. எழுத்தாணியால் கீறினாலும் கிழிந்துபோகிற இலை. அதற்குள் ஓர் உயிர் குடித்தனம் பண்ணுகிறதே என்று அவனுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

படம் போட்டு ஆபீசருக்கு அனுப்பினான். கார்டில் பதில் வந்தது. கோடு மட்டும் போதாது, இதே மாதிரி கோடு போடுகிற பூச்சி நாலைந்து உண்டு. புழுவை வளர்த்து, சிறகு விரித்த அந்துப்பூச்சியாக அனுப்பு. இது நான் நினைக்கிற பூச்சியானால் சேலம் ஜில்லாவில் இதுவரை யாரும் கண்டதில்லை. மாசிக்குள் வந்தால் ஜில்லாவாரிப் பூச்சிப் பட்டியலில் ஏற்றுகிறேன், அச்சுக்குப் போகிறது.

கந்தவேல் அந்தக் கார்டை எத்தனை முறை படித்தான் என்று நான் எண்ணவில்லை. அச்சில் தன் ஊர் வர வேண்டும். அவனுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

3

இந்த இடத்தில் எனக்குச் சாரதாமணி மேல் ஒரு சந்தேகம் வந்தது. அவள் அவன் மனைவி. தறி நாடாவுக்குத் தார் நூல் சுற்றுகிறவள், பாவு நூல் விறைக்கக் கஞ்சி காய்ச்சுகிறவள், பொழுதுக்கும் வேலை. அப்படிப்பட்டவள் புழு வளர்ப்பாளா? முதல் பிரதியில் அவளைச் சண்டைக்காரியாக எழுதினேன். "புழுவயே கட்டிக்கிட்டு அழுவுங்க!" என்று கத்தவும் விட்டேன். பிறகு சீட்டை நினைத்துக்கொண்டேன். வளர்த்தவர் சாரதாமணி. வெட்கப்பட்டு அந்தப் பக்கத்தைக் கிழித்தேன்.

அவள்தான் வளர்த்தாள். ஏழு இலைகளைக் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, வாயில் ஈரத்துணி கட்டி, வாடாமல் பார்த்துக்கொண்டாள். ஆறு காய்ந்துபோயின. ஏழாவதிலிருந்து புழு வெளியே வந்து, பாட்டிலின் பக்கவாட்டில் தன்னைக் கட்டிக்கொண்டு கூட்டுப்புழு ஆயிற்று.

"ஏனுங்க, இங்க வாங்க! ஒத்த இழையில இடுப்பக் கட்டிக்கிட்டு நிக்குது பாருங்க. நாம ஒரு பாவுக்கு எத்தன ஆயிரம் இழை ஓட்டறோம்!"

"நம்மள விடக் கெட்டிக்கார நெசவாளி புள்ள அது."

"நெசவாளிச்சின்னு சொல்லுங்க. இத்தன பாங்கா ஒரு ஆம்பள கட்டுவானாக்கும்!"

(இந்த அரட்டைக்குக் கதையில் வேலை ஒன்றுமில்லை. எனக்குப் பிடித்திருக்கிறது, இருக்கட்டும்.)

பன்னிரண்டாம் நாள் பூச்சி வந்தது. அரிசிக் குருணை அத்தனைதான் இருக்கும். சாம்பல் நிறம், சிறகின் குறுக்கே வெள்ளிப் பட்டை ஒன்று. மூன்றாம் நாள் தானாகவே செத்தது. சாரதாமணி அழுதாள். அதை மறைத்து எழுத எனக்கு மனசில்லை.

4

கந்தவேல் பூச்சியை மெல்லிய ஊசியில் குத்தினான். கோழி இறகால் அதன் சிறகுகளை ஒதுக்கிப் பார்த்தான். ஒதுக்க ஒதுக்க அவை மூடிக்கொண்டன. மறுநாள் சேலத்துக்குத் துணி கொண்டுபோக வேண்டியிருந்தது.

"வந்து பாத்துக்கறேன். தொடாம வெச்சிரு புள்ள. போயிட்டு வாரேன்."

அவன் போனபின் அவள் பாவுக்குக் கஞ்சி போட்டு முடித்தாள். நடுநடுவே ஊசி இருந்த சுவர் மாடத்தை எட்டிப் பார்த்தாள். சிறகு மூடியே கிடந்தது. மூடிய சிறகைப் பட்டியலில் ஏற்ற மாட்டார்கள், அது அவளுக்குத் தெரியும். துவண்ட இழை எதுவானாலும் அந்தத் தெருவில் மருந்து ஒன்றுதான். கஞ்சி போட்டால் நிற்கும். பிறந்ததிலிருந்து அவள் கை பழகிய வேலை. இறகு நுனியில் கஞ்சியைத் தொட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, இரண்டு சிறகையும் விரித்துத் தடவினாள்.

நின்றது. "நிக்குது பாரு!" என்று யாரும் இல்லாத வீட்டில் வாய்விட்டுச் சொல்லிச் சிரித்தாள். பிறகு தார் சுற்றப் போய்விட்டாள்.

மத்தியானம் வந்து பார்த்தபோது சுவர் வெடிப்பிலிருந்து மாடம் வரை எறும்புச் சாரி. அரிசிக் கஞ்சி வாசம் பிடித்து வந்தவை கஞ்சியோடு பூச்சியையும் முடித்திருந்தன.

"அய்யோ சாமி, என்ன காரியம் பண்ணிப்புட்டேன்!"

5

இனி முடிவு. மூன்று எழுதினேன்.

ஒன்றில், காற்று அடித்துக்கொண்டு போயிற்று என்று அவள் பொய் சொல்கிறாள். செல்லாது. ஊசியில் காய்ந்த கஞ்சியை ஒரு நெசவாளிக்குத் தெரியாதா?

இரண்டாவதில், கந்தவேல் கத்துகிறான். அரைப் பக்கம் நன்றாகவே கத்தினான். ஆனால் அப்படிக் கத்தியவன் அந்தச் சீட்டை எழுதியிருக்க மாட்டான்.

மூன்றாவதில், இருவரும் காட்டுக்கு ஓடி இன்னோர் இலையைக் கண்டுபிடிக்கிறார்கள். ஆசைதான். ஆனால் அதற்குள் காட்டில் ஆடு விட்டாயிற்று, புல் தூரோடு போயிற்று. என் கதைதானே, ஓர் இலையை நான் மிச்சம் வைத்திருக்கலாம். அந்தப் பட்டியலைப் புரட்டிப் பார்த்துவிட்டேனே, என்ன செய்ய? அந்தப் பூச்சிக்கு நேராகச் சேலம் என்ற கட்டம் காலியாக இருக்கிறது.

ஆக, நடந்தது இதுதான். சாயங்காலம் அவன் வந்ததும் அவள் வாசலிலேயே சொன்னாள். "நாந்தானுங்க கெடுத்துப்புட்டேன். ரெக்கை நிக்கட்டும்னு கஞ்சி போட்டேன். எறும்பு தின்னுபோடுச்சு."

அவன் ஊசியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தான். தறிக்குழி விளிம்பில் உட்கார்ந்துவிட்டான். அவன் நெஞ்சு உடைந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். பிறகு மைக்கூட்டை எடுத்தான். வெறும் ஊசியானாலும் ஆபீசருக்கு அனுப்பிவிடுவதென்று, கத்தரியால் சின்னதாக ஒரு சீட்டு வெட்டினான்.

6

சாரதாமணிக்குப் படிக்கத் தெரியாது. தூணோரம் உட்கார்ந்து அவன் கை ஓடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க எழுதறீங்க? என்ற தப்பயா?"

சீட்டில் என்ன எழுதினான் என்று உங்களுக்குத் தெரியும். முதலிலேயே படித்துவிட்டீர்கள். அவளுக்கு அவன் என்ன பதில் சொன்னான் என்பதை நான் நாலு தரம் எழுதினேன். ஒன்று நாடக வசனம். ஒன்று வெறும் சமாதானம். மற்ற இரண்டைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. என் கை கஞ்சி போட்டால் எல்லாமே விறைத்துப்போகிறது.

கந்தவேல் சீட்டை ஊதி மை காயவைத்தான். அவள் பக்கம் திருப்பி, கடைசிச் சொல்லின் மேல் விரலை வைத்துச் சொன்னான்: "

இந்த மேற்கோளை நான் மூடவில்லை. நீங்களே சொல்லி மூடுங்கள். கொஞ்சம் சீக்கிரம், மத்தியானத்திலிருந்து அவள் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் உட்கார்ந்திருக்கிறாள்.