கிடாரம் கொள்ளாத கார்

சனிக்கிழமை காலை எமில்டா என் வீட்டு மணியை அடித்தபோது நான் சப்பாத்துப் போட்டு, கழுத்தில் மப்ளர் சுற்றி, கையில் டோர்ச் லைட்டுடன் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். கார் பார்க்கப் போகிற நிபுணர் வெறுங்கையோடு போகக்கூடாது. லண்டன் குட்மேய்ஸில் எங்கள் தெருவில் யார் கார் வாங்குவதென்றாலும் என்னைத்தான் கூட்டிப்போவார்கள். ஜெர்மனியில், ஸ்ருட்கார்ட்டில் பதினொரு வருடம் கார்த் தொழிற்சாலையில் இருந்தவன் என்று எனக்கொரு பெயர். அது பொய்யல்ல. அங்கே சாப்பாட்டுக்கூடத்தில் கோப்பை கழுவினேன். ஆனால் காது திறந்திருந்தால் கோப்பை கழுவிக்கொண்டே இயந்திரத்தைப் படிக்கலாம். ஒருமுறை பெரிய மனேஜருடைய காரைத் தட்டிப் பார்த்துவிட்டு, இது வருகிற புதன்கிழமை நின்றுபோகும் என்று சொன்னேன். வியாழக்கிழமைதான் நின்றது. புதன்கிழமை அங்கே அரசாங்க விடுமுறை.

"தில்லையண்ணை, மிச்சக் கதையைக் காருக்குள்ள இருந்து சொல்லுங்கோ," என்றாள் எமில்டா.

அவளுடைய பழைய காருக்கு அது கடைசி வாரம். அடித்தகடு துருப்பிடித்து, வருடாந்த எம்ஓடி சோதனை பார்க்கிறவன் கைவிரித்துவிட்டான். பதினேழு வருடம் ஓடிய கார். பேருக்குத்தான் எமில்டாவுடைய கார். உண்மையில் அது ஊர்ப்பொது. ஹீத்ரோவில் இறங்கிய பாதிப் பேர் அதில்தான் லண்டனை முதலில் பார்த்தார்கள். பங்குக் கோயிலுக்கு நாலு கிழவிகள், செவ்வாய்க்கிழமைகளில் முழங்கால் வைத்தியத்துக்கு நான், ஆடி மாதம் வோல்சிங்கம் மாதா யாத்திரைக்கு ஐம்பது பேருக்குச் சோறு காய்ச்சுகிற அலுமினியக் கிடாரம். எமில்டா கார் பார்க்கப் போகும்போது டிக்கியில் அந்தக் கிடாரத்தையும் ஏற்றியிருந்தாள். அது உள்ளே போய் மூடி சாத்த வேண்டும். அவளுக்கு அதுதான் அளவுகோல்.

அவளுடைய கணவர் ஞானரட்ணம் கேற்றடியில் நின்றார். பாரிஸில் பன்னிரண்டு வருடம், லண்டனில் இருபது வருடம் வான் ஓட்டிச் சாமான் இறக்கியவர். கண் அழுத்த வியாதி வந்து, போன வருடம் தானாகவே லைசென்ஸைத் திருப்பி அனுப்பிவிட்டார். இப்போது ஒரு குழலுக்குள்ளால் பார்ப்பதுபோல நடுவில் கொஞ்சம் தெரிகிறது. அந்தக் கொஞ்சமும் அடுத்த கோடை வரைக்கும்தான் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். அதை எமில்டா கார் ஓட்டிக்கொண்டே எனக்குச் சொன்னபோது வாகனத்தை ஒரு தரம்கூடக் குலுக்கவில்லை. நான் சந்தித்த சாரதிகளில் அவள்தான் திறமானவள். தேநீர்க் கோப்பையை டாஷ்போர்ட்டில் வைத்துவிட்டு ரவுண்டபவுட்டைச் சுற்றுவாள். தேநீரில் படிந்த பாலாடை கலையாது.

"நீங்களும் வாங்கோவன்," என்றாள் அவரைப் பார்த்து.

"நான் வந்து என்னத்தைப் பாக்கிறது. நாலு கதவு, சத்தமில்லாதது. அதை எடு. மற்றதுக்கு வீணா அலையாத."

மற்றது என்று அவர் சொன்னது மஸ்டாங் என்கிற அமெரிக்கக் காரை. அவருடைய அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில், மடு மாதா படத்துக்குக் கீழே, ஒரு மஸ்டாங் படம் இருபது வருடமாக ஒட்டியிருக்கிறது. மாதாவுக்குப் பக்கத்தில் ஒட்ட எமில்டா விடவில்லை. பாரிஸில் ஒருநாள் அப்படியொரு கார் தன்னைக் கடந்து போனபோது, வானை நடுத்தெருவில் நிறுத்தி, கண்ணை மூடிக்கொண்டு, அந்தச் சத்தம் முடியுமட்டும் கேட்டாராம். பின்னால் நின்ற வாகனங்கள் ஹோர்ன் அடித்ததால் கடைசிப் பகுதி சரியாகக் கேட்கவில்லை என்ற குறை அவருக்கு இன்னும் உண்டு. இப்போது ஹோர்ன்சேர்ச்சில் ஒருவர் தன்னுடையதை விற்கிறாராம். "சும்மா பாத்திட்டு வருவம்," என்றிருந்தாள் எமில்டா.

எனக்கு அந்தச் சும்மாவில் சம்மதமில்லை. மஸ்டாங்குக்கு இரண்டே கதவு. பின்சீற்றுக்குள் போக என் முழங்கால் இரண்டையும் கழற்றிக் கையில் கொடுக்க வேண்டும். என்னுடைய செவ்வாய்க்கிழமைகளைக் காப்பாற்றுவதற்காகப் போகிற வழியில் ஜெர்மனி டுசல்டோர்ஃப் பொடியனின் கதையைச் சொன்னேன். இப்படியொரு கார் வாங்கியவன். சிக்னலில் தும்மினான், கால் தவறி வேகமிதி அமுங்கிவிட்டது. அவன் லேஞ்சியை எடுத்து மூக்கைத் துடைத்து முடிக்க, பொலிஸ்காரன் ஒல்லாந்து மொழியில் காலை வணக்கம் சொன்னான். எல்லை பக்கத்தில்தான்; நம்பாதவர்கள் வரைபடம் பார்க்கலாம்.

"நான் தும்மமாட்டன்," என்றாள் எமில்டா.

முதலில் ரொம்ஃபோர்ட் பக்கத்துக் கடையில் வெள்ளி நிற ஹைபிரிட். குறை சொல்ல ஏலாத கார். கிடாரம் உள்ளே போய், பக்கத்தில் இரண்டு மூட்டை அரிசிக்கும் இடம் மிஞ்சியது. பின்சீற்றில் நான் கால் நீட்டிப் படுத்தே பார்த்தேன். விற்கிற பெடியன் எமில்டாவின் பழைய காரைப் பிணையாக வைத்துக்கொண்டு, வீட்டுக்காரரிடம் காட்டிவிட்டு வர ஒரு மணி நேரம் தந்தான். மெதுவாகப் போகையில் அந்தக் கார் பற்றரியில் ஓடுகிறது. பூனை வெண்ணெயில் நடக்கிற மாதிரி. நான் அதைப் புகழ்ந்து இருபது வசனம் பேசினேன். இருபதும் மனதார.

தெருவுக்குள் திரும்பி, வீட்டுக்கு முன்னால் காரை நிறுத்தினாள். ஞானரட்ணம் கேற்றடியில் தொப்பியோடு எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். எங்களையல்ல. எங்களுக்கு மற்றப் பக்கம், பழைய கார் வழக்கமாக வருகிற திசையை. ஆறடி தூரத்தில் நிற்கிறோம், அவருக்குத் தெரியவில்லை. தலையை ஒருபக்கம் சரித்துக் காதைக் கொடுத்தார். எங்கேயோ ஒரு ரயில் போனது. தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிவிட்டுத் திரும்பப் போட்டார். பிறகும் காத்துக்கொண்டு நின்றார்.

எமில்டா இறங்கவில்லை. ஹோர்ன் அடிக்கவுமில்லை. ஸ்டேரிங்கில் இரண்டு கையையும் வைத்தபடி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னிடம் அந்த நேரத்துக்குப் பொருத்தமான கதைகள் குறைந்தது மூன்று இருந்தன. ஒன்றையும் எடுக்கவில்லை. அவள் காரை வந்த மாதிரியே சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு புறப்பட்டாள். சந்தியில் திரும்பினாள்.

"ஹோர்ன்சேர்ச்சுக்குப் போவம், அண்ணை."

"ஓம் பிள்ளை," என்றேன். என் செவ்வாய்க்கிழமைகள் அந்தச் சந்தியிலேயே இறங்கிக்கொண்டன.

ஹைபிரிட்டைத் திருப்பிக் கொடுத்து, பழைய காரில் கிடாரத்தோடு போனோம். ஹோர்ன்சேர்ச்சில் ஓய்வுபெற்ற வெள்ளைக்காரர் ஒருவர் கராஜைத் திறந்தார். கருநீலம். நீண்ட முகம், அகன்ற தோள், பாயப்போகிற நேரத்தில் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதால் நின்றது போன்ற தோற்றம். ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தேன். டோர்ச் லைட்டை எடுக்க வெட்கமாக இருந்தது. எமில்டா கிடாரத்தைத் தூக்கி வந்து டிக்கியில் வைத்துப் பார்த்தாள். வாய் சிறிது, நேராகவும் போகவில்லை, சரித்தும் போகவில்லை. பல பேர் இந்தக் காரைச் சோதித்திருக்கிறார்கள், ஒருவரும் பானையால் சோதிக்கவில்லை என்றார் அவர்.

"கொள்ளாது, பிள்ளை," என்றேன்.

"உங்கட மடியில வைப்பம்."

அப்படித்தான் நான் பின்சீற்றுக்குள் போனேன். முதலில் தலை, பிறகு ஒரு கால், பிறகு மற்றக் கால், கடைசியாகக் கிடாரம். வெள்ளைக்காரர் முன்னால் ஏறிக்கொண்டார். எமில்டா சீற்றை முன்னுக்கு இழுத்து, கண்ணாடியைத் திருத்தி, சிலுவை அடையாளம் போட்டுவிட்டு ஸ்டார்ட் பண்ணினாள்.

நான் நிறையக் கதை சொல்கிறவன். இதில் ஒரு சொல்லும் கூட்டவில்லை. அந்தச் சத்தம் காதுக்கு வருமுன் முதுகெலும்புக்கு வந்தது. எட்டு சிலிண்டர். யானை தூக்கத்தில் மூச்சு விடுவதுபோல. எமில்டா அதை அதட்டவில்லை. இருபது மைல் வேகத்தில், மந்தையில் பெரிய மாட்டை ஒற்றைக் கையால் நடத்துகிறவள்போல நடத்தி வந்தாள். பஸ் தரிப்பில் நின்ற பெடியங்கள் போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். ஓட்டுகிறவளைக் கண்டதும் போனை இறக்கி, பிறகு இன்னும் உயரத் தூக்கினார்கள். வெள்ளைக்காரர் கைப்பிடியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

எங்கள் தெருவுக்கு இன்னும் இரண்டு திருப்பம் இருக்கும்போதே ஞானரட்ணத்துக்குக் கேட்டிருக்க வேண்டும். நாங்கள் திரும்பியபோது அவர் கேற்றை அகலத் திறந்துவிட்டு, வீட்டு முற்றத்துக்கு நடுவில், முகத்தை நேரே எங்களுக்குக் கொடுத்துக்கொண்டு நின்றார். தொப்பியைக் காணவில்லை. இரண்டு கையையும் உயர்த்தி, சாமான் வானை உள்ளே எடுக்கிறவரைப் போல விரல்களை மடக்கினார்.

"வா... வா. கொஞ்சம் இடக்கை. வா."

எமில்டா கண்ணாடியைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். அவருடைய கையை மட்டும் பார்த்து உருட்டினாள். மூக்கு அவருடைய முழங்காலுக்கு ஒரு சாண் தூரத்தில் வந்தபோது அவர் உள்ளங்கையை நிமிர்த்தினார். கார் நின்றது. அவள் இயந்திரத்தை நிறுத்தவில்லை. வெள்ளைக்காரரும் நிறுத்தச் சொல்லவில்லை.

ஞானரட்ணம் குனிந்து, குளிரில் அடுப்புக்கு நேரே பிடிக்கிறதுபோல இரண்டு கையையும் பொனற்றின் மேல் தொடாமல் பிடித்தார். பிறகு தலையைச் சரித்தார்.

"இஞ்சேர் எமில்டா, பின்னுக்கு ஆர் பாடுறது?"

என் மடியில் கிடாரம், அடியிலிருந்து விளிம்பு வரைக்கும், மெல்ல முரலத் தொடங்கியிருந்தது. கையால் பொத்தினால் நின்றுவிடும். நான் கையை எடுத்துவிட்டேன்.