பாட்டுதான் தாழ்ப்பாள்

இறந்துபோன அப்பாவின் சட்டைக்குக் கடைசிப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தாள் மகள். கதவைச் சாத்தப் போன பெரியப்பா மேலும் கீழும் தடவினார்.

"என்னம்மா, தாழ்ப்பாளையே காணோம்?"

"இந்த வீட்டுல எந்தக் கதவுக்கும் கெடையாது பெரியப்பா. பாத்ரூமுக்கும்தான். உள்ள போனா பாடணும்."

அப்பா பாடினால் பக்கத்து வீட்டு நாய் எழுந்து போய்விடும். அப்படிப்பட்ட குரல்.

"நல்ல கூத்து! ஊருக்கெல்லாம் கதவு செஞ்ச தச்சன் வீட்டுலயா?" பெரியப்பா பெருமூச்சு விட்டார். "எங்கப்பா எவ்வளவு கண்ணியமான மனுஷர். அவருக்குப் போய் இப்படி ஒரு பைத்தியம் பொறந்துச்சே."

காலையிலிருந்து வந்தவர்களெல்லாம் இதையேதான் சொன்னார்கள். அவளும் விழுங்கிக்கொண்டே இருந்தாள். இன்னும் சற்று நேரத்தில் வண்டி வந்துவிடும். இப்போது விட்டால் அப்பாவின் கதை இதுவாகவே நின்றுவிடும்.

"தாத்தா பெல்ட்டால அடிச்சு, ஸ்டோர் ரூம்ல தள்ளி, வெளிய தாழ்ப்பாள் போட்டுடுவாராமே. ரெண்டு நாள்கூட. அப்பாவுக்கு ஏழு வயசு. உங்களுக்குப் பன்னெண்டு."

பெரியப்பா சன்னலைப் பார்த்தார். "அதுக்கும் இதுக்கும் என்னம்மா?"

"அப்பாவுக்கு வைத்தியம் பாத்த டாக்டர் முதல்ல கேட்டதே சின்ன வயசப் பத்தித்தான். அது மட்டுமே காரணம்னு சொல்லல. ஆனா அப்பா காதுல கேட்டது தாத்தா குரல். 'அவள அடி, உள்ள போட்டுப் பூட்டு'ன்னு சொல்லுமாம். நான் பொறந்த வாரமே எல்லாத் தாழ்ப்பாளையும் கழட்டிட்டாரு. குரல் ஓங்குற அன்னிக்குத் தானே பையத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிடுவாரு. முப்பது வருஷம் பெரியப்பா. எம்மேல ஒரு விரல் பட்டதில்ல."

கூடத்திலிருந்தவர்கள் கதவருகே வந்து எட்டிப் பார்த்தார்கள். எல்லோருக்கும் கேட்கட்டும் என்றுதான் அவள் குரலை உயர்த்தினாள்.

"எங்கப்பா மாதிரி ஒரு தைரியசாலிய நான் பாத்ததே இல்ல."

அழுகை வரவில்லை. பெருமையில் நெஞ்சு நிமிர்ந்தது.

பெரியப்பா பாத்ரூமுக்குள் போனார். கதவு சாத்திக்கொண்டது. உள்ளே ஒரு கை மரத்தைத் தடவித் தேடும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

வாசலில் வண்டி வந்து நின்றது. ஓட்டுநர் இறங்கி, "கௌம்பலாமா?" என்றார்.

பாத்ரூமிலிருந்து சுருதியே சேராமல், நடுங்கி நடுங்கி, ஒரு கிழக்குரல் பாட ஆரம்பித்தது.

மகள் ஓட்டுநரைக் கையமர்த்தினாள். பாட்டு முடியும்வரை யாரும் அந்தக் கதவின் பக்கம் போகவில்லை.