பரிட்சைக்கு வந்தவள், வரவில்லை

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதில்லை. இன்று மத்தியானம் தம்பி போனில் கூப்பிட்டு, "அக்கா, நூத்தைம்பது எழுத்துக்குள்ள ஒரு காரணம் எழுதிக் குடு, ஆபீஸ் மூடுறதுக்குள்ள அனுப்பணும்" என்றான். ஆகட்டும் என்று சொல்லி வைத்துவிட்டு உட்கார்ந்தேன். காரணம் வரவில்லை. அதற்குப் பதிலாக இது வந்துகொண்டிருக்கிறது. இதில் ஏற்கெனவே நூற்றைம்பது எழுத்தைத் தாண்டிவிட்டேன்.

விஷயம் இதுதான். தம்பி பள்ளி பள்ளியாகப் போய்ப் பத்து வயதுப் பிள்ளைகளுக்குக் கணினித் திறன் சோதனை வைக்கிறவன். ஒரு கோப்பைத் திறக்கத் தெரிகிறதா, நாலு வரி தட்டச்சு செய்யத் தெரிகிறதா, பெயர் கொடுத்துச் சேமிக்கத் தெரிகிறதா, சேமித்ததை மறுபடி கண்டுபிடிக்கத் தெரிகிறதா, இணையத்தில் யாராவது ஏமாற்ற வந்தால் சுதாரிக்கத் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். தேறுகிற பிள்ளைகளுக்குத்தான் அடுத்த வருடம் கணினி அறை. கணினி குறைவு, பிள்ளைகள் அதிகம். மற்றவர்களை அந்தப் பாடவேளையில் கையெழுத்துப் பயிற்சிக்கு அனுப்பிவிடுவார்கள்.

இன்று ஒரு பெண்ணின் சோதனை நடக்காமல் போயிற்று. தம்பி எழுதப்போகும் காரணம் சரியில்லை என்றால் அவளுக்குக் கணினி அறை இல்லை. காரணம் உண்மையாக இருந்தால் தம்பிக்கு வேலை இல்லை. இதற்கு நடுவில் நான் எழுத வேண்டும்.

(இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தச் சோதனையின் பன்னிரண்டு கேள்விகளையும் கூலிக்கு எழுதிக் கொடுத்தவள் நான்தான். கதை எழுதுகிறவர்கள் வேறு எதையாவது எழுதித்தான் சாப்பிடுகிறார்கள்.)

2

தொடக்கங்கள்.

"அந்த வகுப்பறையில் ஆறு மடிக்கணினிகள் மெல்ல மூச்சுவிட்டுக்கொண்டிருந்தன." வேண்டாம். அவை மூச்சு விடவில்லை, அவற்றின் விசிறிகள் கர்ரென்று கத்திக்கொண்டிருந்தன. தம்பிக்கு அந்தச் சத்தத்தில் தலைவலி.

"வகுப்பில் எல்லோரும் பென்சில் என்று கூப்பிடும் அந்த ஒல்லிப் பெண்ணுக்குக் கணினி என்பது —" கணினி என்பது அவளுக்கு என்ன? எனக்குத் தெரியாது. நான் அவளைப் பார்த்ததே இல்லை. தம்பி பார்த்திருக்கிறான். அவனிடம் கேட்டால், "கடைசி வரிசை, ரெட்டைப் பின்னல், அடம்" என்கிறான். அடம் என்பது அவன் பார்த்ததில்லை, அவன் முடிவு கட்டியது.

"ஒரு குழந்தையின் அறிவை அளக்க முடியுமா?" ஐயோ, இது கட்டுரைப் போட்டி.

இப்போது எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். தம்பி குறுஞ்செய்தி அனுப்பியிருக்கிறான்: "ஆச்சா?" ஆகவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்லிப் பார்க்கிறேன்.

3

ஒவ்வொரு பிள்ளையும் தன் கடவுச்சொல்லைத் தானே அடித்துச் சோதனைக்குள் போக வேண்டும் என்பது விதி. கடவுச்சொல்லைப் போன வாரமே அவர்கள் வகுப்பில் போட்டு வைத்திருக்கிறார்கள். ஆனால் பத்து வயதுப் பிள்ளை ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அழுத்துவதற்குள் பாடவேளை பாதி கரைந்துவிடும். அதனால் சோதனைக்குப் போகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கடவுச்சொல்லைப் பிள்ளையிடமே கேட்டு, தாங்களே அடித்துத் திறந்துவிடுவார்கள். பயிற்சி வகுப்பில், கேட்கக் கூடாது, கேட்டால் ஒப்பந்தம் ரத்து என்று சொல்லித்தருகிறார்கள். இடைவேளையில் டீ குடிக்கும்போது, கேட்காமல் முடியாது என்று மூத்தவர்கள் சொல்லித்தருகிறார்கள்.

தம்பியும் கேட்டான். அதுவரை வந்த எல்லாப் பிள்ளைகளும் சொன்னார்கள். ஒரு பையன் பக்கத்து வகுப்புக்குக் கேட்கும்படி சொன்னானாம். ஒருத்தி எழுத்து எழுத்தாகச் சொல்லிவிட்டு, "இது எங்க வீட்டு நாய் பேரு சார்" என்று விளக்கமும் கொடுத்தாளாம்.

பென்சிலின் முறை வந்தது.

"பாஸ்வேர்டு சொல்லும்மா."

"எதுக்கு சார்?"

"அடிக்கணும்ல."

"நானே அடிக்கிறேன்."

"நேரமாகும். நீ சொல்லிட்டா சட்டுன்னு முடிச்சிடலாம்."

"சொல்லக் கூடாது சார்."

"எங்கிட்ட சொல்லலாம். நான் பரிட்சை வைக்க வந்தவன்."

"அப்படித்தான் சொல்லுவாங்கன்னு மிஸ் சொன்னாங்க."

மிஸ் என்பவர் கம்ப்யூட்டர் டீச்சர். அவர் வாசற்படியிலேயே நின்றுகொண்டிருந்தார். தம்பி அவரைப் பார்த்தான். அடுத்த வகுப்புப் பிள்ளைகள் வராந்தாவில் வரிசையாகக் காத்திருந்தார்கள். மிஸ், "சார்தானே கேக்குறாரு, சொல்லு" என்றார்.

இந்த இடத்தில் பென்சில் மிஸ்ஸைப் பார்த்தாளாம். எப்படிப் பார்த்தாள் என்று தம்பியிடம் இரண்டு தடவை கேட்டேன். "பாத்தா, அவ்வளவுதான்" என்றான். நான் அங்கே ஒரு வரி எழுதி நீக்கிவிட்டேன். அந்த வரி நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அது என் பார்வை, அவளுடையதில்லை.

கடைசியில் தம்பி மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பி வைத்தான். "அந்தப் பக்கம் திரும்புங்க சார்" என்றாள். திரும்பினான். பின்னால் நின்ற பையன்கள் எட்டிப் பார்த்தார்கள். அவள் அடித்தாள், தவறு என்று வந்தது. மறுபடி அடித்தாள், மறுபடி தவறு. மூன்றாவது முறையும் தவறினால் அந்தக் கணினி அன்றைக்கு முழுக்கப் பூட்டிக்கொள்ளும். தம்பி வெடுக்கென்று அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"மறந்துட்டியா?"

"இல்ல. யாராவது பாத்தா எனக்கு வராது."

"அப்ப சொல்லு."

சொல்லவில்லை. மணி அடித்துவிட்டது.

4

[இங்கே நீங்கள் என்னைப் போலவே கொதித்துப்போய் எழுந்தால், கொஞ்சம் உட்காருங்கள். நீங்கள் நினைப்பது இருக்கட்டும், நான் சொல்லவேண்டியது இன்னும் இருக்கிறது.]

நான் எழுதிய பன்னிரண்டாவது கேள்வி இது: உங்கள் கடவுச்சொல்லை யாரிடம் சொல்லலாம்? நாலு விடைகள் கொடுத்திருந்தேன். நெருங்கிய நண்பரிடம். ஆசிரியர் கேட்டால். யாரிடமும் சொல்லக் கூடாது. மறக்காமலிருக்க எழுதி ஒட்டலாம். "ஆசிரியர் கேட்டால்" என்ற விடையை எடுத்துவிடச் சொல்லி அலுவலகத்தில் ஓர் அதிகாரி மல்லுக்கு நின்றார். பிள்ளைகள் குழம்பிவிடுவார்களாம். குழம்புகிறார்களா என்று பார்க்கத்தானே சோதனை என்று நானும் விடவில்லை.

இன்று அந்த வகுப்பில் தம்பியிடம் கடவுச்சொல்லைச் சொன்ன எல்லாப் பிள்ளைகளும், சொல்லி முடித்த கையோடு, யாரிடமும் சொல்லக் கூடாது என்பதை அழுத்தி முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறார்கள். ஒரு பிள்ளைகூடத் தவறவில்லை. மிஸ் நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார். சொல்லாத ஒருத்தி அந்தக் கேள்விவரைக்கும் போய்ச்சேரவே இல்லை.

இதைத் தம்பியிடம் சொன்னேன். "அக்கா, அவ மறந்துட்டா. மறந்ததை மறைக்கத்தான் இந்த டிராமா. நான் எத்தனை பிள்ளைங்களப் பாத்திருக்கேன்" என்றான்.

இருக்கலாம். இதுதான் என்னைக் குடைகிறது. மறந்திருந்தால் அவள் சாமர்த்தியக்காரி, ஞாபகம் இருந்தும் சொல்லவில்லை என்றால் கறார்க்காரி. கதைக்குக் கறார்க்காரிதான் தோது. அவளை நிமிர்ந்து உட்காரவைத்து, கண்ணில் கொஞ்சம் வெளிச்சம் போட்டு, ஒரு குட்டி வீராங்கனையாக்கிவிடலாம். கை துறுதுறுக்கிறது. தம்பிக்கோ அவள் மறதிக்காரியாக இருந்தால் தூக்கம் வரும். ஆளுக்கு ஒரு பென்சிலைச் சீவிக்கொண்டிருக்கிறோம்.

மிஸ்ஸுக்கு போன் செய்து கேட்டேன். "அவளுக்கு ஞாபகம் இருந்துச்சா இல்லையான்னு எப்படி மேடம் தெரியும்? தெரிஞ்சுக்கணும்னா அவகிட்ட கேக்கணும். கேட்டா சொல்ல மாட்டா" என்றார்.

(இல்லை. மிஸ்ஸுக்கு நான் போன் செய்யவில்லை, அவர் எண் என்னிடம் கிடையாது. அவர் பேசியது நான் இட்டுக்கட்டியது. ஆனால் மிஸ் தம்பியிடம் சொன்ன ஒன்று நிஜம்: கணினி வகுப்பு முடிந்து எல்லாவற்றையும் அணைத்த பிறகும் பென்சில் எழுந்திருக்க மாட்டாளாம். இருட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாளாம், கையைப் பிடித்து எழுப்பித்தான் அனுப்ப வேண்டுமாம்.)

5

முடிவுகள். தம்பியின் திரையில் உள்ள அறிக்கைப் படிவத்தின் கட்டங்களில் எதை நிரப்பினாலும் அது ஒரு முடிவு.

முதல் முடிவு. "வரவில்லை" என்று குறித்து அனுப்பிவிடுகிறான். காரணமே கேட்க மாட்டார்கள். சோதனை தொடங்காத பிள்ளைகளுக்கு எல்லோரும் இதைத்தான் குறிப்பார்கள். பென்சில் கையெழுத்துப் பயிற்சிக்குப் போகிறாள். கதை முடிந்தது, யாருக்கும் கோபமில்லை, ஒருத்தியைத் தவிர. அவளுக்கும் யார்மீது கோபப்படுவது என்று தெரியாது. இந்த முடிவை எழுதும்போது எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

இரண்டாம் முடிவு. உள்ளதை உள்ளபடி எழுதுகிறான்: மாணவியிடம் கடவுச்சொல் கேட்டேன், தர மறுத்தார், அதனால் சோதனை நடக்கவில்லை. அவளுக்கு மறுசோதனை நிச்சயம். அவனுக்கு வீட்டுக்குப் போகும் வழி நிச்சயம். இரண்டு வருடம் வேலையில்லாமல் என் வீட்டுக் கூடத்தில் படுத்துக்கிடந்தவன் அவன். நான் சாப்பிடக் கூப்பிட்டால், பசியில்லை என்று சொல்லிவிட்டு நான் தூங்கியதும் சாப்பிடுவான். இந்த வேலை கிடைத்த அன்று எனக்கு ஒரு பேனா வாங்கி வந்தான். இந்த முடிவை என்னால் எழுத முடியவில்லை. கை வரவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாம் முடிவு. இது என் கைவண்ணம். "கணினியில் கோளாறு, மறுசோதனை தேவை." எழுத்து எண்ணிக்கைக்குள் அடங்கிவிடுகிறது. அவளுக்கு மறுசோதனை, அவனுக்கு வேலை. கோளாறுப் பழியைக் கணினி சுமக்கும், அது வாய் திறக்காது. பொய்தான். நான் பொய் எழுதுவதையே தொழிலாக வைத்திருப்பவள், அதில் எனக்குக் கூச்சமில்லை.

எழுதி முடித்ததும் நெஞ்சு லேசாகிவிட்டது. உடனே தம்பியைக் கூப்பிட்டேன்.

6

"கம்ப்யூட்டர் கோளாறுன்னு போட்டுடு. யாருக்கும் சேதமில்ல" என்றேன்.

"அது எனக்கும் தோணுச்சுக்கா."

"தோணுச்சா? அப்புறம் எதுக்குடா என்னை இந்தப் பாடு படுத்துற?"

பின்னால் நாற்காலிகளை இழுக்கும் சத்தம் கேட்டது. அலுவலகத்தில் ஒவ்வொருவராகக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள் போலிருக்கிறது.

"மத்தியானம் உங்கிட்ட ஒண்ணு சொல்லல" என்றான். "மணி அடிச்சப்புறம் எல்லாரும் போயிட்டாங்க. அவ மட்டும் வாசல்ல நின்னு, 'சார், நான் எழுதிட்டேனா?'ன்னு கேட்டா."

"நீ என்ன சொன்ன?"

"'ம்'னு சொன்னேன். வேற என்ன சொல்றது? சந்தோஷமா போயிட்டா."

[இதை நான் மூன்றாவது பகுதியில் சேர்த்திருக்க வேண்டும். அப்போது எனக்குத் தெரியாது. பின்னால் போய்த் திருத்தினால் அவன் இதை இவ்வளவு நேரம் மென்று விழுங்கியது தெரியாமல் போய்விடும். அதனால் இங்கேயே இருக்கட்டும்.]

"சரி, அதான் மறுசோதனை வருதே. அப்ப எழுதட்டும்" என்றேன்.

"மறுசோதனைக்கு நான் போக மாட்டேங்கா. வேற ஆள்தான் போவாங்க. அவரும் பாஸ்வேர்டு கேப்பாரு. கேக்காம யாரும் திறக்கிறதில்ல." மேலும் சொன்னான்: "முதல் தடவை எழுதல, சார் பொய் சொல்லியிருக்காருன்னு அதுக்குள்ள அவளுக்குத் தெரிஞ்சிருக்கும். மிஸ்ஸும் நல்லாத் திட்டியிருப்பாங்க. இந்தத் தடவை அவ சொல்லிடுவாக்கா."

அவன் சொல்லிக்கொண்டே போனான்: "சொல்லிட்டு உள்ள போயி, உன்னோட பன்னெண்டாவது கேள்விக்கு யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு அழுத்துவா. பாஸ் ஆயிடுவா."

மத்தியானம் அவளை அடம் என்றவன் இவன்தான். இவனை நான் இந்தக் கதையில் சரியாக எழுதவில்லை. நேரமில்லை, அப்படியே விடுகிறேன்.

7

இரண்டாவது முடிவைத்தான் அவன் அடித்து வைத்திருக்கிறான். எனக்கு வாசித்துக் காட்டினான். கேட்டேன் என்று இருக்கிறது, தர மறுத்தார் என்று இருக்கிறது, தவறு என்னுடையது என்றும் சேர்த்திருக்கிறான். எல்லோரும் கேட்கிறார்கள் என்பதையும் ஒரு வரியில் நுழைத்துவிட்டான். அந்த வரி அவனோடு நிற்காது, உடன் வேலை செய்கிறவர்களையும் இழுக்கும். மறுசோதனைக்குப் போகிறவர் இனி கடவுச்சொல் கேட்கத் துணிய மாட்டார். நூற்றைம்பது எழுத்துக்குள் எப்படியோ அடக்கிவிட்டான். என்னைவிட நன்றாகவே எழுதியிருக்கிறான் என்பதில் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்.

"அனுப்பட்டுமாக்கா?" என்றான்.

அனுப்பு என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தக் கேள்விக்காக அதிகாரியோடு சண்டை போட்டவள் அப்படித்தான் சொல்ல வேண்டும். அனுப்பாதே என்று சொல்லவும் வாயெடுத்தேன். கூடத்தில் அவன் சுருண்டு கிடந்ததைப் பார்த்தவள் அப்படித்தான் சொல்வாள். இரண்டையும் சொல்லாமல் மேசையைச் சுற்றிச் சுற்றி நடக்கிறேன்.

நீங்கள் இதுவரை படித்துவிட்டீர்கள். பென்சில் உங்கள் மகள் இல்லை, அவன் உங்கள் தம்பி இல்லை. அதனால் உங்களால் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன். போனை ஒலிபெருக்கியில் போட்டு மேசைமேல் வைத்திருக்கிறேன். சொல்லுங்கள், அவன் லைனில்தான் இருக்கிறான்.