எங்கே நீட்டினாலும் பச்சை

1983 மே 12, புதுச்சேரி, உப்பளம் பகுதியில் ஒரு மெக்கானிக் ஷெட். அம்பாசடர் காரின் ஏசியில் நிரப்பிய கேஸ் மறுபடியும் காலியாகியிருந்தது.

"இந்தத் தபா சரியாவலன்னா மொதலாளி வண்டிய வித்துடுவாரு. என் வேலையும் அதோட போயிடும்," என்றார் டிரைவர் சின்னக்கண்ணு.

மெக்கானிக் ஜானகிராமன் கொஞ்சம் கேஸ் ஏற்றிவிட்டு, கசிவு பார்க்கும் விளக்கைக் கொளுத்தினார். கேஸ் பட்டால் அதன் நீலச் சுடர் பச்சையாகும். குழாயருகே நீட்டினாலும் பச்சை, சக்கரத்தருகே நீட்டினாலும் பச்சை.

"என்னா மேஸ்திரி, டயர்லகூடவா கேஸ் அடிச்சீங்க?"

ஜானகிராமன் விளக்கைச் சுவரோரம் கொண்டுபோனார். அங்கும் பச்சைதான். ஏற்றும்போது சிந்திய கேஸ் ஷெட்டுக்குள்ளேயே தேங்கியிருந்தது.

"வண்டிய வெளிய தள்ளுய்யா."

வெளியே கடற்காற்று சுடரை அணைத்துக்கொண்டே இருந்தது. சின்னக்கண்ணு தார்ப்பாயை விரித்துப் பிடித்துக் காற்றை மறைத்தார்.

"கை வலிச்சா சொல்லு."

"பொழுது சாயற வரைக்கும் புடிச்சினு நிப்பேன். நீங்க பாருங்க."

சுடர் நீலமாக நின்றது. ஜானகிராமன் ஒவ்வோர் இணைப்பாகப் பார்த்து வந்தார். கம்ப்ரஸருக்குக் கீழே, ரப்பர் குழாய் இரும்பில் உரசித் தேய்ந்திருந்த வளைவில் சுடர் பச்சையானது. சோப்பு நுரை தடவியதும் அங்கே குமிழி கிளம்பியது.

அன்றே குழாயை மாற்றினார்கள். மறுபடி ஏற்றிய கேஸ் கசியாமல் நின்றது. முதலாளி காரை விற்கவில்லை.