மூலம் - முக்கிய அறிவிப்பு

டாக்டர் தன் லேப்டாப்பை வாடகைக் காரில் மறந்துவிட்டு இறங்கினார். அந்த லேப்டாப்புக்குள் எங்கள் மூல நோய்ப் பிரிவின் முந்நூற்றுப் பன்னிரண்டு நோயாளிகள் இருந்தார்கள். அத்தனை பேர் விவரத்தையும் குறியாக்கம் செய்து பூட்டி வைத்தவள் நான். விதி எளிது. பூட்டிய தகவல் தொலைந்தால் நோயாளிகளுக்குச் சொல்லத் தேவையில்லை. சாவியும் சேர்ந்து தொலைந்தால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லியாக வேண்டும்.

டாக்டர் பாஸ்வேர்டை பிளாஸ்திரியில் எழுதி, லேப்டாப் மூடியிலேயே ஒட்டியிருந்தார். காயத்துக்கு ஒட்டுவதுபோல, அழகாக.

“பூட்டு பத்திரமா இருக்குன்னு எழுதிக் கையெழுத்துப் போடும்மா,” என்றார் நிர்வாகி. “படிச்ச பொண்ணு, உனக்குத் தெரியாததா?”

“படிச்சதாலதான் சார் போட மாட்டேங்கிறேன்.”

“அப்ப நாளையிலேருந்து வராத.”

எங்கள் வீட்டில் கைநாட்டு வைக்காத முதல் ஆள் நான். அந்தக் கையெழுத்தை இவர் பொய்க்கு இரவல் தர முடியாது.

“நீங்க நோயாளிங்களுக்குச் சொல்லலேன்னா, நான் மேலிடத்துக்கு எழுதுவேன் சார்.”

“சொல்லணும், அவ்வளவுதானே? அதுக்கு எதுக்கு முந்நூறு கடிதம்? அஞ்சு நிமிஷ வேலை!”

நான் தகவல் கசிவு அறிவிப்புப் படிவத்தைத் தேடி எடுத்து வருவதற்குள், முந்நூற்றுப் பன்னிரண்டு பேரையும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் சேர்த்திருந்தார். குழுவின் பெயர்: ‘மூலம் - முக்கிய அறிவிப்பு’.

“மாப்ள, நீங்களுமா?” என்று முதல் செய்தி வந்தது.

“மாமா! ஆபீஸ் வேலையா வெளியூர் போறேன்னீங்களே?”

“வணக்கம் டீச்சர். நான் உங்ககிட்ட பத்தாவது படிச்சேன்.”

டீச்சர் வெளியேறினார். அதையும் குழு எல்லோருக்கும் அறிவித்தது.

அந்த நேரம் பார்த்து கார் டிரைவர் லேப்டாப் பையோடு வந்து நின்றார். லேப்டாப்பை யார், எப்போது திறந்தார்கள் என்ற பதிவைப் பார்த்தேன். தொலைந்த நேரத்திலிருந்து யாரும் அதைத் தொடவே இல்லை.

“பாத்தியா? ஒண்ணுமே கசியல!” நிர்வாகி துள்ளினார்.

“லேப்டாப்புலேருந்து கசியல சார்.”

படிவத்தை நிரப்பினேன். தேதி, நேரம், பாதிக்கப்பட்டவர்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு. ‘தகவலை வெளியிட்டவர் கையொப்பம்’ என்ற இடத்தை மட்டும் விட்டுவிட்டுப் பேனாவை நீட்டினேன்.

“நீயே போட்டுடேன்மா…”

“குரூப் அட்மின் நீங்கதானே சார்?”

போன் அவர் கையில் அதிர்ந்துகொண்டே இருந்தது. போட்டார்.

“நாளைக்குச் சீக்கிரம் வந்துடும்மா,” என்றார் தரையைப் பார்த்து. “முந்நூறு கடிதம் எழுதணும்.”

கையெழுத்தைப் பார்த்தேன். எங்கப்பா இதைவிட நேராகப் பெருவிரல் வைப்பார்.